மனை வாங்கும் முன் திறக்க வேண்டிய எக்செல் கோப்பு: சான் ஹோசேயின் வாகன மைல் கருவி

விலை: இலவசம். தேவையானவை: எக்செல், மனையின் பதிவு எண், கொஞ்சம் பொறுமை. என் மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை.

நகராட்சி தரும் எக்செல் கோப்புக்கெல்லாம் யாராவது விமர்சனம் எழுதுவார்களா என்றுதான் தோன்றும். ஆனால் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் ஒரு மனையில் அபார்ட்மென்ட் எழும்புமா, எழும்பினால் எத்தனை கார் நிறுத்துமிடத்தோடு எழும்பும் என்பதையெல்லாம் முடிவு செய்வதில் இந்தக் கோப்புக்குப் பெரிய பங்கு உண்டு. புதுக் கட்டிடம் வந்தால் எவ்வளவு கார் ஓட்டம் கூடும் என்று நகராட்சி இதை வைத்துத்தான் அளக்கிறது. நான் இங்கே ஒரு சின்ன கட்டிடக் கலை அலுவலகத்தில் அனுமதி விண்ணப்பங்களைக் கவனித்துக்கொள்கிறேன். டிராஃபிக் பொறியாளன் இல்லை. அவர்கள் எழுதும் அறிக்கையைப் படித்து, வாடிக்கையாளருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டியவன். அந்த இடத்திலிருந்து பார்த்தே எழுதுகிறேன்.

பழைய முறை தெரியாமல் இதன் அருமை தெரியாது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018 வரை சான் ஹோசேயில் டிராஃபிக் பாதிப்பு என்றால் சிக்னலில் காத்திருக்கும் நேரம்தான். லெவல் ஆஃப் சர்வீஸ் என்பார்கள். பள்ளிக்கூட கிரேடு போல ஏ முதல் எஃப் வரை. ஒரு காருக்குச் சராசரி தாமதம் 10 விநாடிக்குள் இருந்தால் ஏ. 35க்கு மேல் 55 வரை டி. 80ஐத் தாண்டினால் எஃப். நகரத்தின் விதிப்படி டி வரை பாஸ். உங்கள் கட்டிடத்தால் ஒரு சந்திப்பு டியிலிருந்து இக்கு இறங்கினால், மாநிலச் சுற்றுச்சூழல் சட்டத்தின் கண்ணில் அது குறிப்பிடத்தக்க பாதிப்பு. ஏற்கெனவே இயிலோ எஃபிலோ கிடக்கும் சந்திப்பு என்றால், முக்கியத் திருப்பங்களின் தாமதம் 4 விநாடியோ அதற்கு மேலோ கூடி, வாகன அளவுக்கும் சாலைக் கொள்ளளவுக்கும் உள்ள விகிதமும் 0.01 ஏறினால் மாட்டிக்கொண்டீர்கள்.

இதற்கான எண்கள் எங்கிருந்து வரும்? செவ்வாய், புதன், வியாழனில் ஒரு நாள், காலை 7 முதல் 9, மாலை 4 முதல் 6 வரை, சந்திப்பில் கேமரா வைத்து எத்தனை கார் இடப்பக்கம் திரும்பின, எத்தனை நேரே போயின என்று எண்ணுவார்கள். பள்ளி விடுமுறை நாளில் எண்ணக் கூடாது. பிறகு புதுக் கட்டிடத்திலிருந்து வரப்போகும் கார்களை அதன் மேல் ஏற்றி மென்பொருளில் ஓட்டுவார்கள். வரப்போகும் கார்களின் எண்ணிக்கைக்கு, வாஷிங்டனைச் சேர்ந்த போக்குவரத்துப் பொறியாளர் அமைப்பான ஐ.டி.இ. வெளியிடும் தடிமனான கையேடு. அதில் ஒவ்வொரு வகைக் கட்டிடத்துக்கும் ஒரு எண் உண்டு. தனி வீடு 210, பொது அலுவலகம் 710, காரிலிருந்தே வாங்கிப்போகும் துரித உணவகம் 934. தனி வீடு ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவான கார் பயணம் என்று அண்மைப் பதிப்புகள் சொல்லும்.

இந்தக் கையேட்டை வெளுத்து வாங்கியவர் யு.சி.எல்.ஏ. பேராசிரியர் டொனால்ட் ஷூப். 1987 பதிப்பில் துரித உணவகத்துக்கு 1,000 சதுர அடிக்கு ஒரு நாளைக்கு 632.125 பயணம் என்று போட்டிருந்தது. எண்ணிப் பார்த்தது மொத்தம் எட்டு உணவகங்களை. அந்த எட்டிலும் கடையின் பரப்புக்கும் வந்த கார்களுக்கும் தொடர்பே இல்லை என்கிற அளவுக்குப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் பொருத்த எண் (ஒன்று என்றால் முழுப் பொருத்தம்) 0.069. எட்டுக் கடையைப் பார்த்துவிட்டு மூன்று தசம இடம்! எங்கள் அலுவலகத்தில் யாராவது பொறியாளர் அறிக்கையை வேதவாக்காக எடுத்துக்கொண்டால் இந்த 632.125 கதையை எடுத்துவிடுவது என் வழக்கம்.

சரி, கணக்கில் உள்ள ஓட்டையை விடுங்கள். கேள்வியிலேயே கோளாறு இருந்தது. சந்திப்பு டியில் கடைசி விநாடிகளில் தொங்கிக்கொண்டிருக்கும்போது யார் விண்ணப்பிக்கிறாரோ, பழி முழுக்க அவர் தலையில். அவருக்கு முன் வந்து மற்ற விநாடிகளையெல்லாம் தின்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. பரிகாரம் என்ன? திரும்புவதற்கு இன்னொரு தடம் போடு, சாலையை அகலப்படுத்து. அகலப்படுத்தினால் நடந்து கடப்பவருக்குத் தூரம் கூடும். சைக்கிள் தடம் இருந்தால் அது போகும். நெரிசல் மிகுந்த பழைய நகர்ப்பகுதியில் கட்டினால் தோல்வி, காலியான சந்திப்புகள் உள்ள ஊர் ஓரத்தில் கட்டினால் பாஸ். ஓரத்தில் குடியேறுபவர் தினமும் அறுபது மைல் ஓட்டினாலும் அந்தக் கணக்கில் அது வராது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கூத்து இன்னும் ஒரு படி மேலே. நகரத்தின் சைக்கிள் திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்யவில்லை என்று வழக்குப் போட்டு, 2006இல் தடை வாங்கினார்கள். சைக்கிள் தடம் போட்டால் கார்களுக்குத் தாமதம் கூடுமே, அது சுற்றுச்சூழல் பாதிப்பு இல்லையா என்பது வாதம். ஆய்வு முடிந்து 2010இல் தடை நீங்கும் வரை நகரம் புதுத் தடம் போட முடியாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

2013 செப்டம்பரில் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் எஸ்.பி. 743இல் கையெழுத்திட்டார். சாக்ரமென்டோவின் கூடைப்பந்து அரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் வழக்குகளை விரைவாக முடித்துக்கொடுப்பதற்காக வந்த மசோதா. அதே மசோதாவில், காரின் தாமதத்தைச் சுற்றுச்சூழல் பாதிப்பாக எண்ணும் வழக்கத்துக்கு முடிவு கட்டும் பிரிவும் இருந்தது. தாமதத்துக்குப் பதிலாக வந்தது வாகன மைல்: இந்தக் கட்டிடத்தில் வாழ்பவரோ வேலை செய்பவரோ ஒரு நாளைக்கு எத்தனை மைல் கார் ஓட்டுவார்? மாநிலம் முழுவதும் கட்டாயமானது 2020 ஜூலை 1. பாசடீனா, சான் ஃபிரான்சிஸ்கோ, ஓக்லாந்து போன்ற ஊர்கள் அதற்கு முன்பே மாறிவிட்டன. சான் ஹோசே 2018இல் கவுன்சில் கொள்கை 5-1ஐக் கொண்டுவந்து மாறியது. அந்தக் கொள்கையோடு பிறந்ததுதான் நான் விமர்சிக்கும் இந்தக் கோப்பு.

இனி கருவிக்கு வருவோம்.

திறந்தவுடன் கேட்பது மனையின் பதிவு எண். சாந்தா கிளாரா மாவட்ட வரி ரசீதில் இருக்குமே, அதே எண். அதைக் கொடுத்ததும் அந்த மனை எந்த வகைப் பகுதியில் இருக்கிறது என்று சொல்லிவிடும்: மத்திய நகரம், பஸ் ரயில் வசதி மிகுந்த நகர்ப்பகுதி, அது குறைந்த நகர்ப்பகுதி, அபார்ட்மென்ட்கள் கொண்ட புறநகர், தனி வீடுகளே நிறைந்த புறநகர். மனையைச் சுற்றி அரை மைல் வட்டத்தில் இப்போது ஏக்கருக்கு எத்தனை வீடு, உங்கள் கட்டிடம் வந்தால் எத்தனை என்பதும் வந்துவிடும். அந்தப் பகுதியில் வாழ்பவர் சராசரியாக ஒரு நாளைக்கு ஓட்டும் மைல்தான் உங்கள் தொடக்கப் புள்ளி. இது நகரத்தின் பயண மாதிரியிலிருந்து, அதாவது யார் எங்கிருந்து எங்கே போவார் என்று கணிக்கும் கணினிக் கணக்கிலிருந்து வருகிறது; நீங்கள் கை வைக்க முடியாது.

தாண்டக் கூடாத கோடு இதுதான். நகரச் சராசரி ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 11.91 மைல். அதில் 15 சதவீதம் குறைத்து 10.12. வீட்டுத் திட்டம் இதற்குக் கீழே வர வேண்டும். அலுவலகம் என்றால் வட்டாரச் சராசரி ஒரு ஊழியருக்கு 14.37, அதிலும் 15 சதவீதம் குறைத்து 12.21. தொழிற்கூடத்துக்குச் சலுகை, 14.37ஐத் தாண்டாமல் இருந்தால் போதும்.

பிறகு நான்கு அடுக்காக வழிகள் வரும். முதல் அடுக்கு கட்டிடத்தின் தன்மை: அடர்த்தி, கடையும் வீடும் கலந்திருப்பது, வருமானம் குறைந்தவர்களுக்கு ஒதுக்கும் வீடுகள். மிகக் குறைந்த வருமானம், குறைந்த வருமானம் என்று பிரித்துப் பிரித்து சதவீதம் கேட்கும். கையில் காசு குறைந்தவர் கார் ஓட்டுவதும் குறைவு என்பது வெளிப்படையான உண்மை. அதை ஒரு அரசுக் கருவி கணக்கில் எடுப்பது எனக்குப் பிடித்தது. இரண்டாம் அடுக்கு நடைபாதை, சைக்கிள் தட இணைப்பு, வேகத்தைக் குறைக்கும் வேலைகள். மூன்றாவது பார்க்கிங்கைக் குறைப்பது. நான்காவது குடியிருப்பவருக்கு இலவச டிரான்ஸிட் பாஸ், கார் நிறுத்துமிடத்துக்கான காசை வீட்டு வாடகையிலிருந்து பிரித்துத் தனியாக வாங்குவது, அப்புறம் பிரசாரம், ஊக்கத்திட்டம் என்று இப்படி.

டிக் போடப் போட எண் மாறும். கடைசியில் ஒரு சுருக்க அறிக்கை: பட்டை பட்டையாக வரைபடம், குறுக்கே எல்லைக் கோடு, கீழே "எல்லைக்குக் கீழே உள்ளது" அல்லது "மேலே உள்ளது" என்று ஒரு வரி. ஒரு மதியப் பொழுதில் முடிகிற வேலை. பழைய முறையில் சந்திப்புகளை எண்ணி, மென்பொருளில் ஓட்டி, அறிக்கை எழுதி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த வகையில் முழு மதிப்பெண்.

இன்னொரு நல்ல விஷயம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்பது. பழைய டிராஃபிக் அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம். பின்னிணைப்பில் யாரும் படிக்காத அச்சுத்தாள்கள். இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் அதே மனை எண்ணைப் போட்டு, அதே டிக்குகளை அடித்து, அதே விடை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஆலோசனை நிறுவனம் எங்களுக்கு அனுப்பிய அறிக்கையில் பார்க்கிங் எண்ணிக்கை எங்கள் வரைபடத்தில் இருந்ததைவிடக் குறைவாக இருந்தது. கருவியில் சரியான எண்ணைப் போட்டுப் பார்த்தபோது பட்டை கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்தது. எங்கள் பழைய வரைபடத்தை வைத்தே கணக்கிட்டிருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை.

எல்லோருக்கும் இந்தக் கருவி தேவைப்படாது. 25 வீடுகளுக்கு மேல் போகாத அபார்ட்மென்ட், 15க்கு மேல் போகாத தனி வீடுகள், 10,000 சதுர அடிக்குள் அலுவலகம், ஒரு லட்சம் சதுர அடிக்குள் அக்கம்பக்கத்தாருக்கான கடைகள் ஆகியவை ஆய்வே இல்லாமல் தப்பிவிடும். அதற்கு மேல் போகும் பெரிய வணிக வளாகங்களுக்கு இந்தக் கோப்பு உதவாது. நகரத்தின் முழுப் பயண மாதிரியை ஓட்ட வேண்டும். 2025 ஜூனில் வந்த ஏ.பி. 130 சட்டம் நகருக்குள் கட்டும் பல குடியிருப்புத் திட்டங்களைச் சுற்றுச்சூழல் ஆய்விலிருந்தே விடுவித்துவிட்டது. ஆகவே இதைத் திறக்க வேண்டியவர்கள் முன்பைவிடக் குறைந்திருக்கிறார்கள்.

இப்போது ஒன்றரை நட்சத்திரம் ஏன் குறைத்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

இந்தக் கருவியில் விடையின் பெரும்பகுதி மனை எண்ணைத் தட்டியவுடனேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் நீங்கள் டிக் போடுவதெல்லாம் சில்லறை. நகராட்சி இதே எண்களை வைத்து ஒரு வண்ண வரைபடமும் வெளியிட்டிருக்கிறது. பச்சை என்றால் எல்லைக்குள். மஞ்சள் என்றால் தாண்டியிருக்கிறது, ஆனால் வழி செய்து குறைக்கலாம். அதையும் தாண்டிச் சிவந்துபோன இடங்களில் எதைச் செய்தாலும் எல்லைக்குள் கொண்டுவர முடியாது. டவுன்டவுனைச் சுற்றிப் பச்சை. தெற்கே ஆல்மடன் பள்ளத்தாக்குப் பக்கமும் கிழக்கே மலையடிவாரத்திலும் நிறம் ஏறிக்கொண்டே போகும். அங்கே ஒரு மனையில் ஐம்பது வீடு கட்ட நினைப்பவர் பஸ் பாஸ் கொடுத்தாலும் சைக்கிள் கூண்டு வைத்தாலும் பட்டை கோட்டுக்கு மேலேதான் நிற்கும். முழுச் சுற்றுச்சூழல் அறிக்கை தயாரித்து, தீமையைவிட நன்மை அதிகம் என்று கவுன்சில் தீர்மானித்தால்தான் அனுமதி.

கணக்குக்கு ஒரு கற்பனை உதாரணம். பகுதியின் சராசரி 13 மைல் என்று வைத்துக்கொள்வோம். 10.12க்கு வர வேண்டுமென்றால் 22 சதவீதம் குறைக்க வேண்டும். ஒரு கட்டிட உரிமையாளர் தன் வேலிக்குள் செய்யக்கூடிய வேலைகளால் அவ்வளவு குறையாது. நேர்மையான விடைதான், மறுக்கவில்லை. பஸ் வராத இடத்தில் வாழ்பவர் கார் ஓட்டத்தான் செய்வார்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், நம்மூர்க்காரர், மஞ்சள் பகுதியில் மனை வாங்கி, வரைபடமெல்லாம் முடித்த பிறகுதான் இந்தப் பேச்சையே கேட்டார். "பச்சையா மஞ்சளா, அதை மட்டும் சொல்லுங்க சார்" என்றார் போனில். மஞ்சள் என்றேன். "அப்படின்னா எவ்வளவு செலவு?" அதற்குப் பதில் சொல்ல, வடிவமைப்பையே கலைத்து பார்க்கிங் ஒரு தளத்தை எடுக்க வேண்டியிருந்தது. மனை பேசும்போதே இந்தக் கோப்பைத் திறந்திருந்தால் விலையிலேயே அதைக் கழித்திருக்கலாம். வரைந்து முடித்த பிறகு ஒப்புக்கு ஓட்டும் சடங்காக இதை நடத்துபவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு இது தண்டனையாகத்தான் தெரியும்.

இரண்டாவது குறை, எண்களின் வயது. எல்லைகள் 2018 கொள்கையோடு வந்தவை. அதற்குப் பிறகு பெருந்தொற்று வந்து, இந்த ஊர் மென்பொருள்காரர்களில் பலர் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். நகரின் வடகிழக்கில் உள்ள பெர்ரியெஸ்ஸாவுக்கு, வட்டார ரயிலான பார்ட் வந்ததே 2020 ஜூனில்தான். 10.12 என்பதை இரண்டு தசம இடத்தோடு எழுதும்போது எனக்கு ஷூப் நினைவுக்கு வருகிறார். பட்டை 10.11இல் நின்றால் கைதட்டல், 10.13 என்றால் சைக்கிள் கூண்டு. வீட்டில் குடியேறப்போகும் மனிதர் இன்னும் பிறந்த ஊரிலிருந்து கிளம்பக்கூட இல்லை!

மூன்றாவது, பக்கத்துத் தெருக்காரரின் கேள்விக்கு இதில் பதில் கிடையாது. பொதுக் கூட்டத்தில் எழுந்து நிற்பவர் கேட்பது ஒன்றுதான்: காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு இடப்பக்கம் திரும்ப எனக்கு இன்னும் எத்தனை சிக்னல் ஆகும்? அவரிடம் போய் "ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 9.8 மைல்" என்றால் முறைப்பார். நியாயம்தானே. அதனால் நகராட்சி பழைய சந்திப்புக் கணக்கை முழுதாகத் தூக்கிப் போடவில்லை. உள்ளூர்ப் போக்குவரத்து ஆய்வு என்று தனியாக வைத்திருக்கிறது. சந்திப்புத் தாமதம், வாகனம் உள்ளே வரும் வழி, வண்டி வரிசை எவ்வளவு நீளும் என்பதெல்லாம் அதில் வரும். சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் வழக்குப் போட அது ஆயுதமாகாது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக, பெரிய திட்டத்துக்கு இரண்டு கணக்கும் உண்டு, இரண்டுக்கும் காசு உண்டு. ஐ.டி.இ. கையேடும் அந்த இரண்டாவது கணக்கில் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

இருந்தாலும் பழையதற்குத் திரும்பச் சொன்னால் மாட்டேன். 2022 டிசம்பரில் கவுன்சில், கட்டிடத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை பார்க்கிங் வேண்டும் என்ற விதியையே எடுத்துவிட்டது. அதுவரை மூன்றாம் அடுக்கில் பார்க்கிங்கைக் குறைக்கச் சொல்லும் கருவியும், குறைக்காதே என்று தடுக்கும் சட்டமும் ஒரே நகராட்சியில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்தன. இப்போது மூன்றாம் அடுக்கை நிஜமாகவே பயன்படுத்த முடிகிறது. நிலத்தடிப் பார்க்கிங் ஒரு தளம் குறைந்தால் கட்டுமானச் செலவில் பெரிய தொகை மிச்சம் என்பதால், சூழலைப் பற்றிக் கவலையே இல்லாத முதலீட்டாளரும் அந்த டிக்கை ஆசையோடு போடுகிறார்.

மனை பார்க்கிறீர்கள் என்றால், விலை பேசுவதற்கு முன் வண்ண வரைபடத்தைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கோப்பை இறக்கி, வருமானம் குறைந்தவர்களுக்கான வீடுகளின் சதவீதத்தையும் பார்க்கிங் எண்ணிக்கையையும் மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்றால், கூட்டத்துக்கு முன் விண்ணப்பக் கோப்பிலிருந்து சுருக்க அறிக்கையை வாங்கி, அதிலுள்ள பார்க்கிங் எண்ணிக்கையை மனை வரைபடத்தோடு ஒப்பிட்டுவிடுங்கள். இடப்பக்கத் திருப்பத்தைப் பற்றிய கேள்வி என்றால் அந்த அறிக்கையில் தேடாதீர்கள். உள்ளூர்ப் போக்குவரத்து ஆய்வு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், அதில் சந்திப்புவாரியாக அட்டவணை இருக்கும்.